ஆக்டிவ்எக்ஸ் ஆண்ட கொரியா

தென்கொரியாவில் 2000-களில் இணையம் வழியாகப் பணம் அனுப்ப, கணினியில் விண்டோஸும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் இருந்தாக வேண்டும். வேறு பிரவுசரில் வங்கித் தளங்கள் பெரும்பாலும் வேலை செய்யாது. ஆக்டிவ்எக்ஸ் என்ற செருகுநிரலே இதற்குக் காரணம்.

மைக்ரோசாஃப்ட் 1996-இல் கொண்டுவந்த தொழில்நுட்பம் அது. இணையப் பக்கத்தால் தனியே முடியாத வேலையை, கணினியில் நிறுவப்படும் ஒரு சிறு நிரல் செய்துகொடுக்கும். கொரியாவை அதன் பக்கம் தள்ளியது அமெரிக்கச் சட்டம். வெளிநாடுகளுக்குப் போகும் பிரவுசர்களில் 40 பிட்டுக்கு மேற்பட்ட மறையாக்கத்தை அமெரிக்கா அனுமதிக்கவில்லை. அந்தப் பூட்டை நம்பி வங்கி நடத்த முடியாது. ஆகவே கொரியத் தகவல் பாதுகாப்பு முகமை 1998-இல் 'சீட்' என்ற 128 பிட் முறையை உருவாக்கியது. பிரவுசருக்குத் தெரியாத அந்த முறையை ஆக்டிவ்எக்ஸ்தான் சுமந்து வந்தது. 1999-இன் மின்னணுக் கையொப்பச் சட்டம், இணையத்தில் ஆளை உறுதிசெய்ய அரசு அங்கீகரித்த சான்றிதழ் முறைக்கு வழிசெய்தது.

2000-இல் அமெரிக்கா தடையைத் தளர்த்தியது. ஆனால் அதற்குள் விதிமுறைகளும் வங்கிகளின் மென்பொருளும் ஆக்டிவ்எக்ஸைச் சுற்றியே வளர்ந்துவிட்டன.

வாடிக்கையாளர் வங்கித் தளத்தைத் திறந்ததும் பக்கத்தின் மேல் ஒரு மஞ்சள் பட்டை வந்து அனுமதி கேட்கும். விசைப்பலகையைக் காக்க ஒரு நிரல், ஃபயர்வாலுக்கு ஒன்று, சான்றிதழைப் படிக்க இன்னொன்று. இடையில் பக்கம் புதுப்பிக்கப்பட்டால் நிரப்பியதெல்லாம் போச்சு. முதலிலிருந்து தொடங்க வேண்டும். சான்றிதழ் என்பது வன்தட்டிலோ பென்டிரைவிலோ கிடக்கும் ஒரு கோப்பு. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எது கேட்டாலும் 'சரி' என்று அழுத்தும் பழக்கம் மக்களிடம் ஊறிப்போனது. தீங்கு நிரல்களுக்கு அதைவிட வசதி வேறில்லை. பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடுதான் இது.

2007-இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது பல தளங்கள் முடங்கின. அப்போதும் தளங்களை ஒட்டுப்போட்டார்களே தவிர முறையை மாற்றவில்லை. மாற்றத்துக்கு ஒரு தொலைக்காட்சித் தொடர் தேவைப்பட்டது. 'மை லவ் ஃப்ரம் தி ஸ்டார்' நாயகி அணிந்த கோட்டைச் சீன ரசிகர்களால் கொரியத் தளங்களில் வாங்க முடியவில்லை என்று 2014 மார்ச்சில் அதிபர் பார்க் குன்-ஹே குறைப்பட்டார். இணையத்தில் பொருள் வாங்கச் சான்றிதழ் கட்டாயம் என்ற விதி அந்த ஆண்டே தளர்ந்தது. 2015-இல் வந்த எட்ஜ் பிரவுசரில் ஆக்டிவ்எக்ஸுக்கு இடமே இல்லை. பல தளங்கள் அதே வேலையைப் பயனர் இறக்கி நிறுவும் இஎக்ஸ்இ (.exe) கோப்புகளுக்கு மாற்றின. பயனருக்கு வேறுபாடு அதிகம் தெரியவில்லை.

அங்கீகாரச் சான்றிதழின் தனிச்சலுகை 2020 டிசம்பரில் ஒழிந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-இல் நிறுத்தியபோது, கியோங்ஜு நகரில் ஒரு மென்பொருள் பொறியாளர் அதற்குக் கல்லறைக் கல் செய்வித்து ஒரு காபிக் கடையில் வைத்தார். மற்ற பிரவுசர்களை இறக்கிக்கொள்ள நல்ல கருவியாக இருந்தது என்பது அதில் பொறித்த வாசகத்தின் சாரம்.