பூட்டு பளிச்சுன்னு இருந்தது, ஆனா...

நண்பரோட சின்ன வெப்சைட்ல சர்டிபிகேட் எச்சரிக்கை. "கண்டுக்காம உள்ள போங்க"ன்னு வாசகர்களுக்குச் சொல்லிட்டிருந்தார். (ஒரு காலத்துல நானும் அப்படித்தான், ஹிஹி.) அவருக்குச் சொன்ன கதை இது.

2011 ஜூலையில் டிஜிநோட்டார்ங்கிற டச்சு நிறுவனத்தோட சர்வருக்குள்ள புகுந்தவன் கூகுள் பேருக்கே போலி சர்டிபிகேட் போட்டுக்கிட்டான். ஈரானில் ஜிமெயில் திறந்தவங்களுக்குப் பூட்டுப் படம் பளிச்! நடுவுல ஒருத்தன் உட்கார்ந்திருந்தது தெரியவே இல்லை. குரோம் மட்டும் கத்துச்சு. கூகுள் தன் சர்டிபிகேட் விவரத்தை அதுக்குள்ள முன்னாடியே பதிச்சிருந்தது. ஆகஸ்டில் ஒரு ஈரானியர் அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிடாம, இது என்னன்னு கேட்டார். குட்டு உடைஞ்சது. செப்டம்பரில் டிஜிநோட்டார் திவால்.

நண்பர் கேஸ்ல தேதி முடிஞ்சிருந்தது, அவ்வளவே. 2015லேர்ந்து லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாவே தருது. தானா புதுப்பிக்கிற மாதிரி செட் பண்ணிக் கொடுத்தேன். கூலி ஒரு டீ.