மெழுகுவர்த்தி முதல் வீடியோ வரை: மாறுகண்ணை அளந்த கதை

மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதை நம்பிக் குழந்தையை மருத்துவரிடம் காட்டாமலே விட்டவர்களும் உண்டு. உண்மையில் நடப்பது வேறு. விலகிய கண் அனுப்பும் பிம்பத்தைக் குழந்தையின் மூளை ஒதுக்கிவிடுகிறது. ஒதுக்கி ஒதுக்கி, நோயே இல்லாத அந்தக் கண்ணுக்குப் பார்வை மங்கிப் போகிறது. 'சோம்பேறிக் கண்' என்கிறார்களே, அது பெரும்பாலும் இப்படி வருவதுதான். ஏழெட்டு வயதுக்குள் கவனித்தால் மீட்பது எளிது. பிறகு கடினம்.

ஆனால் சரிசெய்ய வேண்டுமென்றால் கண் எவ்வளவு விலகியிருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டுமே! அதை அளக்கக் கற்றுக்கொள்ள மனிதனுக்கு நெடுங்காலம் பிடித்தது.

7ஆம் நூற்றாண்டில் ஏஜினா தீவின் பவுல் என்ற கிரேக்க வைத்தியர், துளையிட்ட முகமூடியைக் குழந்தைக்கு மாட்டச் சொன்னார். துளை வழியாகப் பார்த்துப் பார்த்துக் கண் நேராகிவிடும் என்பது நம்பிக்கை. 1583இல் ஜெர்மனியில் பார்ட்டிஷ் வெளியிட்ட கண் மருத்துவ நூலிலும் அதே மாதிரி முகமூடிகளின் படங்கள் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளாகியும் வைத்தியம் பெரிதாக மாறவில்லை.

1839 அக்டோபர் 26 அன்று பெர்லினில் டீஃபென்பாக் என்ற அறுவை மருத்துவர், உள்பக்கம் திரும்பிய ஒரு சிறுவனின் கண்ணில் தசையை வெட்டி அதை நேராக்கினார். சிறுவனுக்கு வயது 7. ஈதர் மயக்க மருந்து வர இன்னும் ஏழு வருடம் இருந்தது! செய்தி பரவியதும் ஐரோப்பா முழுவதும் பலர் கத்தியை எடுத்தார்கள். எவ்வளவு வெட்டுவது என்பதற்குத்தான் கணக்கில்லை. உள்ளே திரும்பியிருந்த கண்கள் பல, பிறகு வெளியே திரும்பிக்கொண்டன.

அந்தக் கணக்குக்கு ஒரு வழி சொன்னவர் அதே பெர்லினைச் சேர்ந்த ஜூலியஸ் ஹிர்ஷ்பெர்க். 1885 வாக்கில் அவர் பயன்படுத்திய கருவி ஒரு மெழுகுவர்த்தி, அவ்வளவுதான். சுடரை நோயாளியின் முன் பிடித்து, அதன் பிரதிபலிப்பு கண்ணில் எங்கே விழுகிறது என்று பார்த்தார். பள்ளியில் குவியாடிப் பாடத்தைப் பல வருடம் நடத்தியவன் என்பதால் இந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். கண்ணின் முன்பக்கத்துக் கார்னியா ஒரு சிறு குவியாடி. நேரான கண்ணில் சுடர்ப்புள்ளி கண்மணியின் நடுவை ஒட்டி விழும். கண் மூக்குப் பக்கம் திரும்பியிருந்தால் புள்ளி வெளிப்பக்கம் தள்ளித் தெரியும். எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறதோ, அதைக் கொண்டு கோணத்தைச் சொல்லிவிடலாம். குழந்தை வாய் திறந்து எந்தப் பதிலும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மில்லிமீட்டரைக் கண்ணளவாகத்தானே மதிப்பிட வேண்டும்? அதனால் முப்பட்டகக் கண்ணாடி வந்தது. ஒரு மீட்டர் தூரத்தில் ஒளியை ஒரு சென்டிமீட்டர் விலக்கினால் அது ஒரு பிரிசம் டயாப்டர். கண்களை மாற்றி மாற்றி மூடி, கண் அசைவது நிற்கும்வரை முப்பட்டகத்தை மாற்றிக்கொண்டே போவார்கள். இன்றும் இதுவே தரமான முறை. ஆனால் குழந்தை ஒரே பொருளை ஆடாமல் பார்க்க வேண்டும். விலகல் பெரிதாக இருந்தால், தேர்ந்த இருவர் அளந்தாலும் 10 டயாப்டர் வரை வித்தியாசம் வரலாம். அறுவையில் தசையை நகர்த்துவதே சில மில்லிமீட்டர்தான் என்பதால் இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

இங்கேதான் கேமரா வருகிறது. 1901இலேயே அமெரிக்காவில் டாட்ஜும் கிளைனும் கார்னியாவின் ஒளிப்புள்ளியைப் புகைப்படத் தகட்டில் பதிவு செய்து கண்ணசைவை ஆராய்ந்தார்கள். இன்றைய வீடியோ கருவி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிறது. கண்மணியின் நடுவையும் ஒளிப்புள்ளியையும் கணினி ஒவ்வொரு படத்திலும் கண்டுபிடித்து இடைவெளியைக் கோணமாக்குகிறது. சில கருவிகளில் கண்ணை மூட ஒரு கறுப்புத் தகடு உண்டு. குழந்தைக்கு அது வெறும் இருட்டு. அகச்சிவப்பு அதை ஊடுருவுவதால், மூடிய கண் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும்.

இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு மி.மீ. என்றால் 7 பாகை என்று நெடுங்காலம் பாடம் சொன்னார்கள். 1980களில் புகைப்படம் எடுத்து அளந்தபோது அது 12 பாகைக்கு அருகில் என்று தெரிந்தது.

கருவி வந்தாலும் மருத்துவர் வேண்டும். பார்வைக் கோடும் கண்மணியின் நடுவும் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. நேரான கண்ணும் விலகியதுபோலத் தெரியலாம். மூக்குத்தண்டு அகலமான குழந்தைகளைப் பார்த்துப் பெற்றோர் பயப்படுவதும் இதுபோலத்தான்.

பேரன் பேத்தி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில், குழந்தை நேராகப் பார்க்கும்போது வெள்ளைப் புள்ளி இரண்டு கண்களிலும் ஒரே மாதிரி இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறந்த முதல் சில மாதங்களில் கண் அவ்வப்போது அலைவது சகஜம். அதற்குப் பிறகும் புள்ளி ஒரு கண்ணில் தள்ளியே இருந்தால், அதிர்ஷ்டம் என்று இருந்துவிடாமல் கண் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.