ராகி, எலும்பு வரை

ராகி வெளியூர்ப் பயிர் என்று சொன்னால் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர் நம்ப மாட்டார். தமிழ்நாட்டில் ராகி மிகுதியாக விளையும் மண் இதுதான். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வரும் பாட்டிகளில் பலர், பால்குடி மறந்த நாளிலிருந்து களியும் கூழும் உண்டு வளர்ந்தவர்கள். ஆனாலும் அதன் பிறந்த வீடு கிழக்கு ஆப்பிரிக்கா. எத்தியோப்பியாவிலிருந்து உகாண்டா வரை நீளும் மேட்டு நிலத்தில் சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன்பு அங்குள்ள உழவர்கள் ஒரு காட்டுப்புல்லைப் பழக்கிப் பயிராக்கினார்கள். அது கடல் கடந்து தக்காணத்துக்கு வந்த காலம் குறித்துத் தொல்லியலாளர்களிடையே இன்னும் வழக்கு தீரவில்லை. பழைய குடியிருப்புகளில் கிடைத்த கருகிய மணிகள் ராகிதானா, வேறு புல்லின் விதையா என்று சண்டை. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 3000 ஆண்டுகள்.

வந்தது இங்கேயே தங்கிவிட்டதற்குக் காரணம் மண்ணும் மழையும். சரளை கலந்த செம்மண், ஆடியில் ஒரு மழை, புரட்டாசியில் இரண்டு மழை. அது போதும் ராகிக்கு. மழை தள்ளிப்போனால் வாடியபடி காத்திருக்கும், பெய்ததும் தலை தூக்கும். திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்த பிறகு, மைசூர்ச் சீமையைச் சுற்றிப் பார்த்து எழுத பிரான்சிஸ் புகானன் என்ற மருத்துவரைக் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பியது. 1800-01இல் அவர் ஊர் ஊராக எழுதிவைத்த குறிப்புகளில் உழைக்கும் சனங்களின் சோறு ராகிதான். அறுத்த மணியைக் குழி வெட்டிப் புதைத்து வைப்பதும் அந்தப் பக்கத்து வழக்கம். பூச்சி எளிதில் அண்டாத இந்த மணி வருடக்கணக்கில் கெடாமல் கிடக்கும். பஞ்ச காலத்தில் நெல் இல்லாத வீடு பிழைத்தது இதனால்தான்.

இருபதாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவிலிருந்து ராகி இரண்டாம் முறையாக வந்தது. கர்நாடகத்தின் மண்டியாவில் லட்சுமணையா என்ற பயிர் விஞ்ஞானி, நம் நாட்டு ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலந்து 'இண்டாஃப்' ரகங்களை உருவாக்கினார். பெயரிலேயே இந்தியாவும் ஆப்பிரிக்காவும் இருக்கின்றன. விளைச்சல் ஏறியது. பூவுக்குள் பூ சேர்க்கும் அந்த வேலைக்குக் கண்ணும் விரலும் எவ்வளவு பொறுமை காட்ட வேண்டும் என்பதை, ராகிப் பூவின் அளவைப் பார்த்தவர்கள் அறிவார்கள். அவருக்கு நம் பக்கத்தில் ஒரு சிலைகூட இல்லாதது எனக்கு வருத்தம். பிறகு பெங்களூரிலிருந்து குலைநோய் தாங்கும் ஜி.பி.யு. 28 வந்தது. காவேரிப்பட்டணம் அருகே பையூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையமும் தன் பெயரிலேயே ரகங்களை வெளியிட்டது.

பயிர் முன்னேறிய அதே காலத்தில் தட்டிலிருந்து ராகி இறங்கியது. ரேஷன் அரிசி 2008இல் கிலோ 1 ரூபாய், 2011இல் இலவசம். பசியை விரட்டிய திட்டம் அது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் களி கிண்டும் வேலை மிச்சமானதும் வீடுகள் முழுக்க அரிசிக்கு மாறின. 100 கிராம் ராகியில் சுமார் 364 மில்லிகிராம் கால்சியம் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணை. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. ஐ.நா. அறிவித்த சிறுதானிய ஆண்டான 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் மாதம் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி என்று ரேஷன் கடைகளில் தொடங்கினார்கள். அதற்கான ராகியைக் கிருஷ்ணகிரி, தருமபுரி உழவர்களிடம் அரசே கொள்முதல் செய்தது.

கார்த்திகை, மார்கழியில் இந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் ராகி பயணப்படுவது கண்ணெதிரே தெரியும். களத்துக்கு வழியில்லாதவர்கள் கதிரைத் தார்ச்சாலையில் பரப்பிவிடுகிறார்கள். சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும் லாரியும் வேனும் ஏறி இறங்கியே போரடித்து முடிகிறது. மணியோடு மண்ணும் கல்லும் சேரும், பைக்கில் வருபவர் வழுக்கி விழுவார். ஊருக்கு ஒரு சிமெண்ட் களம் போட்டால் தீர்கிற பிரச்சினை இது.

இனி மாவு மில். ராகியின் கால்சியத்தில் பெரும்பங்கு அதன் சிவந்த மேல்தோலிலும் அதை ஒட்டிய அடுக்கிலும் இருக்கிறது. கடுகளவு மணி என்பதால் தோலோடுதான் அரைபடும், அது நம் நல்வாய்ப்பு. கேடு சல்லடையில் வருகிறது. மாவு வெளுப்பாக, வழவழப்பாக இருக்க வேண்டும் என்று மெல்லிய துணியில் சலித்துத் தவிட்டைக் கோழிக்குப் போட்டால், எந்தச் சத்துக்காக வாங்கினோமோ அது கோழிக்குப் போகிறது. கடையில் விற்கும் சத்துமாவு டப்பாக்களிலும் பின்பக்க எழுத்தைப் படிக்க வேண்டும். சர்க்கரை முதலிலும் ராகி நடுவிலும் எழுதியிருந்தால் அதை வயதானவருக்கு வாங்கித் தராதீர்கள்.

களி கிண்டுவதைப் பார்த்திராத பிள்ளைகள் இப்போது பெருகிவிட்டார்கள். நொய் வெந்து கொதிக்கும் தண்ணீரில் மாவைக் குவித்துக் கொட்டி, துடுப்பால் நடுவில் ஒரு துளை போட்டு, கிளறாமல் விடுவார்கள். அந்தத் துளை வழியாகக் கொதிநீர் கொப்பளித்து மேலே வந்து மாவை மூடும். மாவு வாசனை மாறியதும் பானையை இறக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டி ஒன்றுகூட நிற்காமல் கிண்டி, தண்ணீர் தொட்ட கையால் உருட்டி வைப்பார்கள். பல் போனவருக்கு இதைவிட நல்ல சாப்பாடு ஏது? கிள்ளி, குழம்பில் தோய்த்து விழுங்கினால் போதும். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுபவருக்கு மட்டும் களி வேண்டாம், புரையேறும். அவருக்கு எது ஏற்றது என்று மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள்.

அந்தத் தட்டில் களிக்குப் பக்கத்தில் இருப்பதும் முக்கியம். அவரைக்கொட்டைக் குழம்பு, கொள்ளுக் கடைசல், கீரை மசியல், வசதிப்பட்டால் முட்டை, ஏரி மீன். ராகியில் புரதம் 100 கிராமுக்கு 7 கிராம்தான். வயது ஏற ஏறத் தசை கரையும், கால் தள்ளாடும், விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். அதைத் தள்ளிப்போடப் பருப்பும் பயறும் முட்டையும் வேண்டும். வெறும் களியும் ஊறுகாயும் முதியவருக்குப் போதாது.

குடலுக்குள் ஒரு தடை இருக்கிறது. ராகியில் உள்ள ஃபைட்டேட்டும் ஆக்ஸலேட்டும் கால்சியத்தையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே 364 என்பது முழுசாக உடம்பில் சேராது. இதைத் தளர்த்தும் வழி ஆய்வகம் இல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டது. மாவைக் கரைத்து ஒரு ராத்திரி புளிக்கவிட்டுக் காய்ச்சும் கூழிலும், முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவிலும் ஃபைட்டேட் குறைகிறது. அந்தக் கூழில் மோர் ஊற்றினால் பாலின் கால்சியமும் சேரும்.

ராகி போக முடியாத இடங்களும் உண்டு. வளர்ந்தவருக்கு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் தேசியப் பரிந்துரை. அதைக் குடலிலிருந்து இழுத்து ரத்தத்தில் சேர்க்க வைட்டமின் டி வேண்டும். அது ராகியில் இல்லை, வெயில் பட்ட தோலில் உண்டாவது. எழுபது வயதுத் தோலுக்கு இளந்தோலின் திறமை கிடையாது. வீட்டோடு இருப்பவருக்குக் குறைபாடு வரத்தான் செய்யும், அதற்கு மாத்திரை எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் 60,000 யூனிட் மாத்திரையைத் தினமும் போட்டுக்கொள்ளும் ஆபத்து நடக்கிறது; அது பெரும்பாலும் வாரம் ஒன்று, சில வாரங்களுக்கு மட்டும் தரப்படுவது. மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பி12 எந்தத் தானியத்திலும் இல்லை. சைவ உணவுக்காரர்களும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுபவர்களும் கால் மரத்துப்போனால் முதுமை என்று விட்டுவிடாமல் பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொன்று. ராகி சர்க்கரை ஏற்றாது என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் ஏற்றும். உருண்டை சிறிதாகவும் குழம்பும் கீரையும் நிறையவும் இருக்கட்டும். சிறுநீரகக் கல், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே அளவு வைத்துக்கொள்ள வேண்டும்.

ரத்தம் வரை வந்த கால்சியம் எலும்பில் படிய, எலும்பு சுமை தாங்க வேண்டும். களை பிடுங்கி, கதிர் சுமந்து, சந்தைக்கு நடந்த காலத்தில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இப்போது பிள்ளைகள் சிப்காட் ஷிப்டுக்குப் போகிறார்கள், நிலம் குத்தகைக்குப் போய்விட்டது, பெரியவர்கள் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். காலை வெயிலில் தெருமுனை வரை நடக்கச் சொல்லுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், முதல் வாரம் பக்கத்தில் ஒருவர் நின்றுகொள்ளுங்கள்.