தீப்பெட்டிப் படங்களும் பிரிக்கப்படாத உறைகளும்

செப்பேட்டுக்கும் பழங்காசுக்கும் நம்மிடம் வரலாறு உண்டு. தீப்பெட்டியிலிருந்து உரித்தெடுத்த ஒரு படத்துக்கு இல்லை. ஆயினும் அபிராமம், கமுதி வட்டாரத்தில் நம் தலைமுறைச் சிறுவர் முதன்முதலில் சேகரித்ததும் எண்ணியதும் பண்டமாற்றுச் செய்ததும் அப்படங்களைத்தாம். வட்டத்துக்குள் படங்களை வைத்துச் சில்லெறிந்து வென்ற அவ்விளையாட்டில், கிடைத்தற்கரிய படத்துக்கே மதிப்பு மிகுதி. பொருளியலின் முதற்பாடத்தை நாம் தெருவில்தான் கற்றோம் எனலாம்.

அமெரிக்காவில் இதற்கு இணையானது பேஸ்பால் அட்டை. சிகரெட் பெட்டி நசுங்காதிருக்கச் செருகப்பட்ட தடித்த அட்டையில், 1880களில் ஆலன் அண்டு கின்டர் முதலிய நிறுவனங்கள் விளையாட்டு வீரர்களின் படங்களை அச்சிட்டன. 1930களில் புகையிலையின் இடத்தைச் சூயிங்கம் பெற்றது. டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட வரிசையில் விற்காமல் தேங்கியவற்றை 1960இல் கடலில் கொட்டியதாக அந்நிறுவனத்தின் சை பெர்கரே பின்னாளில் கூறியிருக்கிறார். அவ்வரிசையைச் சேர்ந்த மிக்கி மேன்டில் அட்டை ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

இதில் ஒரு முரண் உண்டு. பிரிக்கப்படாத பழைய உறைக்கு, அதனுள் இருக்கக்கூடிய சாதாரண அட்டைகளைவிட விலை மிகுதி. பிரித்தாலோ, உலர்ந்து நொறுங்கும் சூயிங்கமும், அதன் கறை படிந்த அட்டையுமே கிடைக்கலாம். அங்கே விற்கப்படுவது அட்டையன்று; அறியாமையின் இனிமை.

நம் நாட்டிலும் 1987 உலகக்கோப்பையை ஒட்டிய ஆண்டுகளில் சூயிங்கத்தோடு கிரிக்கெட் படங்கள் வந்தன. அவ்வாண்டு அக்டோபர் 9 அன்று சென்னையில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் ஒரே ஓட்டத்தில் தோற்றது. தோற்றவர் படங்களையும் நாம் எறிந்துவிடவில்லை.

ஆனால் நமக்கு நெருக்கமான வரலாறு சிவகாசியுடையது. கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் அங்கே தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டி லேபிளுக்கான தேவை அவ்வூரின் அச்சுத்தொழிலையும் வளர்த்தது. எழுத்தறியாதவரும் படத்தைக் கொண்டே தீப்பெட்டியைக் கேட்டு வாங்கினர். புலியும் மயிலும் கப்பலும் தெய்வங்களும் அவ்வாறே பட்டிதொட்டியெங்கும் சென்றன.

அப்படங்களைப் பெட்டிகளில் ஒட்டியவர் யார்? கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் லேபிள் ஒட்டவும், விடியுமுன் பேருந்தில் அழைத்துச் செல்லப்பட்டவருள் சிறுவர் சிறுமியர் பலர். சலம் பென்னூர்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற 1990ஆம் ஆண்டு ஆவணப்படம் இவ்வாழ்வைப் பதிவு செய்தது. தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகளை அமர்த்துவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட குழந்தை ஒவ்வொருவருக்கும் 20,000 ரூபாயை முதலாளியே செலுத்த வேண்டும் என்றது.

ஆக, ஒரு சிறுவன் ஒட்டிய படத்தை அவன் வயதொத்த மற்றொரு சிறுவன் உரித்துச் சேர்த்தான். ஒருவனுக்கு விளையாட்டு, மற்றவனுக்குக் கூலி. இருவருக்கும் இடையே இருந்தது ஒரு பசைப்பூச்சு மட்டுமே. சேகரிப்பாளரின் ஏடுகளில் படத்தின் பெயரும் ஆண்டும் குறிக்கப்படுகின்றன. ஒட்டிய கைக்கு அங்கே இடமில்லை.

உ.வே. சாமிநாதையர் சுவடிக்கட்டுகளை அவிழ்த்துப் படித்ததால்தான் 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. கட்டவிழாத சுவடி கரையானுக்கே பயன்பட்டிருக்கும். சந்தை, பிரிக்காத உறைக்கு எவ்வளவு விலையும் வைக்கட்டும். வரலாற்றை நாடும் நமக்கோ, உறையைப் பிரிப்பதோடு, உள்ளிருக்கும் படத்தைத் திருப்பிப் பசைப்பக்கத்தையும் பார்த்தாக வேண்டும்.