கரை உடையும் ராத்திரி யார் சொல்லைக் கேட்பது?

நம்ம உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ பஸ் பிடிச்சு வர்றாங்க. நாம பேங்குக்கும் பி.டி.ஓ. ஆபீசுக்கும் போற அவசரத்தில் அதைத் தாண்டிப் போறதோட சரி. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள் அந்தச் சுவரில் இருக்கின்றன. பிள்ளைகள் பாடத்தில் படிக்கிற குடவோலை முறை அதில்தான் இருக்கு.

குடத்தில் ஓலை போட்டதைப் பற்றி எல்லாரும் எழுதிட்டாங்க. ஓலை எடுத்த பிறகு வேலையை எப்படிப் பிரிச்சாங்க என்பதை நம்ம கூட்டமைப்பு மலரில் எழுதலாம்னு தோணிச்சு. வெள்ளம், புயல், தீ என்று வந்தால் நம்ம கையைப் பிசைய வைக்கிற கேள்வியும் அதுதான்.

ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புக்கு ஒருவராக 30 பேர். இவர்களில் 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். முன்னாடியே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்தவர்கள், வயதில் மூத்தவர்கள், இவர்களைத்தான் ஆண்டு வாரியத்தில் வைத்தார்கள். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனியாகச் சீட்டு எடுத்து ஆறு ஆறு பேர். பதவிக்காலம் 360 நாள். நடுவில் குற்றம் செய்தது தெரிந்தால் அப்பவே நீக்கம்.

பல்லவர் காலத்திலேயே வயிரமேக தடாகம் என்று பேர் வாங்கிய பெரிய ஏரி இந்த ஊருக்கு உண்டு. தூர் வாரவும் கரையைப் பேணவும் பொன்னும் நெல்லும் அறமாகக் கொடுத்த செய்திகளும் கல்வெட்டில் இருக்கு. அந்தப் பொறுப்பு ஏரி வாரியத்துக்கு. ஏரி யார் பொறுப்பு, பொன் யார் பொறுப்பு என்பது மழைக்கு முன்னாலேயே ஊருக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கணக்கு விஷயம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பேரும், அவருடைய நெருங்கிய சொந்தக்காரர் பேரும் மறுபடி குடத்தில் விழக்கூடாது. கணக்கு எழுதியவர் தான் எழுதியதைத் தானே கொண்டுவந்து ஒப்படைக்கணும். இன்னொருத்தர் புகுந்து முடிச்சு வைக்கக்கூடாது. ஒப்படைக்கிற வரைக்கும் அவருக்கு மறுபடி அந்த வேலை கிடையாது. நம்ம குழுக்களில் தணிக்கை சமயத்தில் எழும் சண்டையில் பாதி இந்த ஒரு விதியில் அடங்கிப் போயிருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்லணும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-லிருந்து 70-க்குள் வயது, வேதப் பயிற்சி, இதெல்லாம் இருந்தால்தான் ஓலையில் பேர். நம்மைப் போன்றவர்கள் பேர் அதில் விழ வழியே இல்லை. ஏரியில் தண்ணி எடுத்தவங்க, கரையில் மண் சுமந்தவங்க எல்லாம் குடத்துக்கு வெளியேதான்.

தென்கிழக்கே மதுராந்தகம் ஏரிக்கு வருவோம். செங்கல்பட்டு ஜாகீர் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை கதை நமக்கெல்லாம் தெரியும். 1798-ல் கனமழை, கரை தாங்காது என்ற நிலை. துரை ராத்திரியில் கரைக்குப் போனார், ராமரும் லட்சுமணரும் வில்லோடு காவல் நின்றதைப் பார்த்தார், தாயார் சன்னதி கட்டிக் கொடுத்தார் என்பார்கள். ஏரி காத்த ராமர் என்ற பேர் அப்படி வந்தது. பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். பதில் சொல்ல வேண்டிய அதிகாரி அந்த நேரத்தில் கரையில் நின்றார் என்று ஊர் ஞாபகம் வைத்திருக்கிறதே, அதைக் கவனிங்க.

அப்புறம் 1858-ல் வெள்ளைக்காரர் ஒரு சட்டமே போட்டார்கள். மதராஸ் கட்டாய வேலைச் சட்டம் என்று பேர். கரை உடையும் ஆபத்து வந்தால் அதிகாரி ஆள் கேட்கலாம். ஊர்த் தலைவர் ஆட்களைத் திரட்டித் தரணும். உழைக்கும் ஆண்கள் வந்தே ஆகணும். பக்கத்தில் இருக்கிற மரம், மூங்கில், வைக்கோல் மாதிரி பொருளை எடுத்துக்கொள்ளலாம். கூலியும் ஈடும் தரணும். யார் கேட்பது, யார் திரட்டுவது, எதை எடுப்பது, பணம் எப்படி என்று நாலும் அதில் இருக்கு. ஆனால் மிரட்டலும் இருக்கு. வசதியானவன் வீட்டில் படுத்திருக்க, கூலிக்காரன் மட்டும் கரைக்கு ஓடணும் என்ற சட்டம் அது.

இப்போ நம்ம அரசாங்கம் கையாளும் முறை அமெரிக்காவில் கலிபோர்னியாவில் பிறந்தது. 1970-ல் அங்கே 13 நாள் காட்டுத்தீ. 16 பேர் இறந்தார்கள், 700 கட்டடங்கள் எரிந்தன. வண்டிக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லாத நாடு. ஆனால் ஒவ்வொரு துறைக்கும் ஒரு தலைவர், ஒவ்வொருவர் ரேடியோவுக்கும் ஒரு அலைவரிசை, ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு பேர். அதிலிருந்து பாடம் படித்து உருவாக்கியதைத்தான் நம்ம நாட்டில் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-ல் இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் சிஸ்டம் என்ற பேரில் வழிகாட்டியாக வெளியிட்டது. மாவட்டத்துக்குக் கலெக்டர் பொறுப்பு. தாலுகாவில் தாசில்தார்தான் கமாண்டர். அவருக்குக் கீழே மூன்று பிரிவு: களத்தில் இறங்குவது ஒன்று, நிலவரம் பார்த்துத் திட்டம் போடுவது ஒன்று, பொருளும் ஆளும் சாப்பாடும் ஏற்பாடு செய்வது ஒன்று. பணக்கணக்கு இந்த மூன்றாவதில் அடக்கம்.

இது என்னமோ பெரிய படிப்புன்னு மலைக்க வேண்டாம். கல்யாண வீட்டை நினைச்சுப் பாருங்க. உக்கிராண அறைச் சாவி ஒருத்தர் இடுப்பில் இருக்கும். தேங்காயோ சர்க்கரையோ அவங்களைக் கேட்காம வெளியே போகாது. பந்தியைப் பார்க்கிறவர் வேறு. எத்தனை பேர் சாப்பிட்டாச்சு, எத்தனை பேர் பாக்கி என்று எண்ணிக்கிட்டே இருக்கிறவர் வேறு. மொய் நோட்டு எழுதுகிறவர் நடுவில் பரிமாற எழுந்திருக்க மாட்டார். நாலு பேருக்கும் மேலே ஒரு பெரியவர். அந்தப் பெரியவர் இரண்டு பேராகிற கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்து போகும், பாயசம் மிஞ்சும்.

அந்த முறையில் இரண்டு கட்டளை நம்ம கண்ணுக்குப் பட வேண்டியவை. ஒருத்தி ஒரே ஒருத்தியிடம்தான் உத்தரவு வாங்கணும். ஒருத்தியின் கீழே மூன்றிலிருந்து ஏழு பேர் வரைக்கும்தான். ஐந்து பேர் என்றால் நல்லது. நம்ம குழுவில் 12-லிருந்து 20 பேர் இருக்கோம். சாதாரண நாளில் ஊக்குநர் ஒருத்தர் போதும். வெள்ள நாளில் அதே குழுவை மூன்று நாலு அணியாகப் பிரிச்சு, அணிக்கு ஒரு தலைவி வைத்தால்தான் யார் எங்கே போனாங்க, திரும்பி வந்தாங்களா என்பது தெரியும்.

இன்னொன்று, பொருள் சேரும் இடம். 2015 டிசம்பர் 1-ம் தேதி மழையை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. இரண்டும் அப்போ நம்ம காஞ்சிபுரம் மாவட்டம். அதற்கப்புறம் வெளியூர்களிலிருந்து வண்டி வண்டியாகப் பொருள் வந்துச்சு. மனசார அனுப்பினாங்க, குறை சொல்லக்கூடாது. ஆனா மெயின் ரோட்டு ஓரத் தெருவுக்கு ரொட்டியும் போர்வையும் நாலு தடவை கிடைக்கும். உள்ளே தண்ணி சூழ்ந்த தெருவுக்கு ஒன்றும் போய்ச் சேராது. நாப்கின், கைக்குழந்தைக்குப் பால் பவுடர், சர்க்கரை மாத்திரை இதையெல்லாம் கேட்டு எழுத ஆள் இருக்காது. வண்டிகள் நேராகத் தெருவுக்குப் போகாமல் ஓரிடத்தில் நின்று, என்ன இருக்கு என்று பதிஞ்சு, கூப்பிட்ட பிறகு போகணும் என்கிறது இந்த முறை. பள்ளிக்கூட மைதானமோ சேவை மையமோ போதும்.

கமாண்டர் வேலை நமக்கு வராது. அது தாசில்தாருடையது, அப்படி இருப்பதுதான் சரி. ஏரி மதகையும் கலங்கலையும் பார்க்க நீர்வளத் துறையும் ஊர் நீர்க்கட்டியும் இருக்காங்க. ராத்திரியில் கரை மேல் ஏறி வீரம் காட்டும் வேலையை யாரும் நம்மிடம் கேட்கவில்லை. நமக்குப் பொருந்துவது உக்கிராணமும் மொய் நோட்டும் ஆள் கணக்கும். எந்த வீட்டில் ஏழு மாசக் கர்ப்பிணி, எந்தப் பாட்டி படுத்த படுக்கை, எந்த வீட்டுக்காரம்மா தனியா இருக்காங்க என்பது கலெக்டர் ஆபீசு கம்ப்யூட்டரைவிட நம்ம வாராந்திரக் கூட்டத்துக்கு நல்லாத் தெரியும்.

ஐப்பசி மழைக்கு முன்னால், செப்டம்பர் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் போடலாம்: சாவி யாரிடம், நோட்டு யாரிடம், தெருத் தெருவா ஆள் கணக்கு யார், தாசில்தார் ஆபீசோடும் வி.ஏ.ஓ.வோடும் பேசுவது யார், அவங்க ஊரில் இல்லாவிட்டால் அடுத்து யார். நோட்டில் வந்த பொருள், வந்த நேரம், கொடுத்த தெரு, வாங்கினவர் கையெழுத்து என்று நாலு பத்தி. பொறுப்பு ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்கு மாறும்போது நோட்டைக் கையில் கொடுத்து, மீதி என்ன என்று வாயாலும் சொல்லணும். தீர்மானத்தின் நகல் ஒன்று ஊராட்சியிலும் ஒன்று தாலுகா ஆபீசிலும் இருக்கட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. போனில் சார்ஜ் இல்லாத நாளுக்கு இதைச் சேவை மையச் சுவரில் பெயின்டால் எழுதி வைங்க.