அரசியல் மேடையிலிருந்து நீதி இருக்கைக்கு: வி.ஆர். கிருஷ்ண ஐயர்

நீதி ஓர் அமானிதம். நமக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாக அமைந்தாலும் நீதியில் நிலைத்து நிற்குமாறு அன்னிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. கட்சி அரசியலில் ஊறிய ஒருவர் நீதிபதியானால் இந்த அமானிதத்தைக் காக்க முடியுமா? இக்கேள்விக்கு நம் அண்டை மண்ணிலேயே ஒரு விடை உண்டு.

திருப்பூருக்கு மேற்கே, கணவாயைக் கடந்தால் வரும் பாலக்காட்டில், 1915ஆம் ஆண்டு தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தவர் கிருஷ்ண ஐயர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை சட்டக் கல்லூரியிலும் பயின்று, தலசேரியில் வழக்கறிஞரானார். கம்யூனிஸ்டுகளுக்கு உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்டு 1948இல் ஏறக்குறைய ஒரு மாதம் சிறையில் இருந்தார். 1952இல் சென்னை மாநிலச் சட்டமன்ற உறுப்பினரானார். 1957இல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவையில் சட்டம், உள்துறை, சிறை உள்ளிட்ட துறைகளை ஏற்றார். 1968இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1973இல் உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்டபோது, அவருடைய அரசியல் பின்னணியைச் சுட்டி வழக்கறிஞர்கள் சிலர் எதிர்த்தனர்.

சோதனை 1975 ஜூனில் வந்தது. பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றியை அலகாபாத் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மேல்முறையீடு, விடுமுறைக்கால நீதிபதியாக இருந்த கிருஷ்ண ஐயரிடம் வந்தது. அவரைச் சந்திக்க விரும்பிய சட்ட அமைச்சர் கோகலேயிடம், மனுவை நீதிமன்றப் பதிவாளரிடம் தாக்கல் செய்தால் போதும் என்று கூறிவிட்டார். ஜூன் 24 அன்று நிபந்தனையுடன் கூடிய தடையை மட்டுமே வழங்கினார். பிரதமராக நீடிக்கலாம், ஆனால் மக்களவையில் வாக்களிக்க இயலாது. தம்மை நியமித்த அரசுக்கு அவர் காட்டிய சலுகை அவ்வளவே. மறுநாள் இரவு நெருக்கடி நிலை பிறந்தது.

நம் சமுதாயத்தோடு நேரடியாகத் தொடர்புடையது, கேரள உயர் நீதிமன்றத்தில் அவர் விசாரித்த யூசுப் ராவுத்தர் - சௌரம்மா வழக்கு. ஈராண்டுகள் ஜீவனாம்சம் கிடைக்காத மனைவி மணவிலக்குக் கோரினார். அவரே வீட்டைவிட்டுப் போனார் என்பது கணவர் தரப்பு வாதம். மனைவி மீது தவறு இருந்தாலும், ஈராண்டு பராமரிக்கவில்லை என்பதே 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி போதும் என்று தீர்ப்பளித்தார். தலாக் என்பது கணவனின் கட்டற்ற அதிகாரம் என்னும் பொதுக் கருத்து இஸ்லாமிய நெறிக்கு ஒவ்வாதது என்றும் எழுதினார். 2002இல் ஷமீம் ஆரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை எடுத்தாண்டது. அவருடைய எல்லாத் தீர்ப்புகளையும் நம் உலமாக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதில்லை. மணவிலக்குப் பெற்ற பெண்ணின் ஜீவனாம்சம் குறித்த பாயி தாஹிரா தீர்ப்பு, பின்னாளில் ஷா பானு வழக்கில் வெடித்த விவாதத்துக்கு முன்னோடி. ஆயினும், மாற்று மதத்தவரான ஒரு நீதிபதி ஷரீஅத்தைப் பரிவோடு அணுகியதை மறுக்க இயலாது.

1980இல் ரத்லம் நகராட்சி வழக்கு. திறந்த சாக்கடையாலும் ஆலைக் கழிவாலும் அவதியுற்ற மக்களிடம் நகராட்சி, பணமில்லை என்றது. பணமின்மை கடமையிலிருந்து விடுவிக்காது என்றார் கிருஷ்ண ஐயர். நொய்யல் கரையில் வாழும் நமக்கு இது எட்டாத செய்தியன்று. சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி விளைநிலங்களைக் கெடுத்ததும், 2011 ஜனவரியில் கழிவு வெளியேற்றத்தை நிறுத்தாத சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் நாம் கண்டவை. அன்று பிழைப்பு ஒருபுறம், உழவனின் நீர் மறுபுறம் என நம் ஊர் தவித்தது.

1980இல் ஓய்வுபெற்ற அவர், 2014 டிசம்பர் 4 அன்று தம் 99ஆம் வயதில் மறைந்தார். அரசியல் அவருக்கு எளியோரின் துயரைக் காட்டிக் கொடுத்தது. தீர்ப்பு எழுதும்போது கட்சி அவர் கையைப் பிடிக்கவில்லை.

நம் ஜமாஅத் நிர்வாகிகளும் ஒருவகையில் நீதிபதிகளே. பனியன் கம்பெனி முதலாளியும் பவர் டேபிளில் தைப்பவரும் தொழுகையில் ஒரே ஸஃப்பில் நிற்கிறார்கள். வழக்கு என்று வரும்போதும் அவர்களை ஒரே வரிசையில் நிறுத்தும் துணிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.