வான்வழித் தொலைக்காட்சியும் ஈதர்நெட் வடமும்

அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 1996 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட ஏடிஎஸ்சி என்னும் எண்ணியல் ஒளிபரப்புத் தரத்தின்படி, 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒவ்வோர் அலைவரிசையும் நொடிக்குச் சுமார் 19.39 மெகாபிட் தரவைச் சுமந்தது. கூரை ஆன்டெனா பிடிக்கும் நிகழ்ச்சியை வீட்டுக் கணினிகளுக்கு வடம் வழியே பகிரும் கருவியான வலையமைப்பு ட்யூனரின் இணைப்பு வேகத்தைப் பெரிதும் தீர்மானித்தது இந்த ஓர் எண்ணே எனலாம்.

இத்தகைய வலையமைப்பு ட்யூனரான, சிலிக்கான்டஸ்ட் நிறுவனத்தின் முதல் எச்டிஹோம்ரன் பெட்டி வந்தபோது, ஜிகாபிட் ஈதர்நெட் 1999லேயே செப்புக் கம்பிக்குத் தரப்படுத்தப்பட்டிருந்தும், அதன் இரண்டு ட்யூனர்களுக்கு 100 மெகாபிட் இணைப்பே தரப்பட்டது. இதைக் கஞ்சத்தனம் என்று கொள்வது பொருந்தாது; ஏனெனில் இரண்டு அலைவரிசைகளை முழுமையாக அனுப்பினாலும் 39 மெகாபிட்டும், நான்கை அனுப்பினாலும் ஏறக்குறைய 78 மெகாபிட்டுமே தேவைப்படும் என்பதோடு, பார்வையாளர் தேர்ந்த நிகழ்ச்சிக்குரிய தரவுப் பொட்டலங்களை மட்டும் பிரித்தனுப்பும்போது அந்தச் சுமையும் குறைந்துவிடும்.

கம்பிவடத் தொலைக்காட்சியின் கணக்கு வேறு. அங்கே 256 க்வாம் என்னும் அடர்த்தியான பண்பேற்ற முறை அதே அகலத்தில் ஏறத்தாழ 38.8 மெகாபிட்டைத் திணித்ததால், மூன்று அலைவரிசைகள் சேர்ந்தாலே 100 மெகாபிட்டைத் தாண்டிவிடும்; ஆகவே அதே நிறுவனத்தின் கம்பிவடப் பெட்டியான, மூன்று ட்யூனர்கள் கொண்ட எச்டிஹோம்ரன் பிரைமுக்கு ஜிகாபிட் இணைப்பு பொருத்தப்பட்டது.